பொட்டு வைத்த யேசு

என் தங்கச்சி புருஷனோடு கோபித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்த அன்று அவள் கையில் உடுப்புப் பை இல்லை. சாமிப் பைதான் இருந்தது. உரப்பையை வெட்டித் தைத்த பெரிய பை. அதைத் திறந்து ஒவ்வொரு படமாக எடுத்து என் கட்டிலில் பரப்பினாள். முருகன், லட்சுமி, முன்னேஸ்வரத்தில் வாங்கிய சிவனும் அம்பாளும், எங்கள் ஊர்த் திரௌபதை அம்மன். பிறகு இரண்டு கையாலும் மூச்சுப் பிடித்துத் தூக்கிய பிள்ளையார். கடைசியாக, பழைய சேலைத் துண்டில் சுற்றி வைத்திருந்த யேசு. யேசுவின் நெற்றியில் வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு.

"அண்ணே, சுத்தியல் எங்க? ஆணி இருக்கா?"

"முதல்ல இரு, தண்ணி குடி. என்ன நடந்தது?"

"ஆணி இருக்கா, இல்லையா?"

இருந்தது. அடித்தேன். வேறென்ன செய்ய? அம்மாவும் அப்பாவும் போன பிறகு இந்த உலகத்தில் என்னை அதட்டுவதற்கு மிச்சமிருக்கும் ஒரே ஆள் அவள்தான். அதட்டினால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் எந்தச் சாமியையும் கும்பிடாதவன். கொள்கை கிள்கை என்று ஒன்றும் இல்லை. சிலருக்குக் கிரிக்கெட் ஏறாது, எனக்குக் கடவுள் ஏறவில்லை, அவ்வளவுதான். கலியாணமும் செய்துகொள்ளவில்லை. ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு ரேடியோ என்று நிம்மதியாக இருந்தவன் வீட்டுச் சுவரில் ஒரே பின்னேரத்தில் ஆறு படங்கள் ஏறிவிட்டன. ரேடியோவைக் கீழே இறக்கி அந்த மேசையில் விளக்கு வைத்தாள்.

கதை தொடங்கியது சாராயத்தில். மச்சான், அதாவது தங்கச்சியின் புருஷன், குடிப்பான். சிலாபத்துக்குச் சாமான் வாங்கப் போன மனுஷன் சைக்கிளை விற்றுக் குடித்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். அது என் சைக்கிள். இவனைத் திருத்தச் சொல்லி இவள் கேட்காத இடம் இல்லை. அம்மனுக்கு நேர்ந்தாள், முன்னேஸ்வரத்துக்கு நேர்ந்தாள், தலவில அன்னம்மா தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்தினாள், கற்பிட்டிப் பக்கம் ஒரு தர்காவில் போய்க் கொடிக்குப் பச்சைத் துணி கொடுத்தாள். எங்கள் கரையில் இதெல்லாம் சாதாரணம். யார் கேட்கிறார்கள் என்று தெரியாதபோது எல்லாரிடமும் சொல்லி வைப்பதுதான் முறை என்று நினைக்கிறவள் அவள்.

பிறகு ஒருநாள் யாரோ அவனை ஊர் எல்லையில் வாடகை வீட்டில் நடக்கிற ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். சிலாபத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற பாஸ்டர் அவன் தலையில் கை வைத்து ஜெபித்தாராம். இவன் விழுந்து அழுதானாம். அன்றோடு குடி நின்றது. இது எத்தனை நாளைக்கு என்று நானும் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்திருந்தேன். மாதக் கணக்காயிற்று. சும்மா சொல்லக் கூடாது, ஒரு சொட்டுத் தொடவில்லை.

தங்கச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிலாபம் பஸ் ஸ்டாண்டில் கண்ணாடி போட்ட யேசு படம் ஒன்று வாங்கினாள். சாமித் தட்டில் மற்றவர்களைக் கொஞ்சம் நகர்த்தி, பிள்ளையாருக்குப் பக்கத்தில், நட்ட நடுவில் வைத்தாள். செவ்வரத்தம்பூ வைத்தாள், கற்பூரம் காட்டினாள். மற்ற எல்லாருக்கும் பொட்டு இருக்க, புதிதாக வந்தவர் வெறும் நெற்றியோடு நின்றால் நன்றாகவா இருக்கும்? அவருக்கும் வைத்தாள். மச்சான் வந்து பார்த்தால் பூரித்துப் போவான் என்று வாசலைப் பார்த்தபடி காத்திருந்தாளாம், பாவம்.

மச்சான் பைபிளை நெஞ்சில் அணைத்துக்கொண்டு வந்தான். பார்த்தான். தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இது என்ன வேலை?"

"உங்கட யேசுதான். நல்ல இடமாப் பாத்து நடுவில வச்சிருக்கன்."

"அவர் வரிசையில நிக்கிற ஆள் இல்ல. அவர் மட்டும்தான்!"

"அவர் மட்டும்தான் எண்டா மத்தாக்கள் எங்க போறது? இவ்வளவு நாளும் உங்களக் கடல்ல பாத்துக்கொண்டது ஆரு?"

அதற்குப் பிறகு வார்த்தை தடித்தது. விசுவாசி வீட்டில் படமே இருக்கக் கூடாது, யேசு படமும் கூடாது, எல்லாவற்றையும் கழற்று என்றான் அவன். நீங்களே கழற்றுங்கள் என்றாள் அவள். அவனும் வேகமாக எழும்பிப் போய்ப் பிள்ளையாரில் கை வைத்தானாம். கை அப்படியே நின்றுவிட்டதாம். ஏனென்றால் அந்தப் பிள்ளையாருக்குச் சட்டம் போட்டவன் அவனே. கலியாணம் முடித்த வருஷம், உடைந்த தோணிப் பலகையை இழைத்து, நான்கு மூலைக்கும் பித்தளைத் தகடு அடித்து, கையில் காயத்தோடு கொண்டுவந்து மாட்டியது. பிணப்பாரம் பாரம். அந்தப் பித்தளை மூலை ஒன்று முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கும், போகிற வருகிற எல்லாரையும் கீறும்.

கையை எடுத்துவிட்டு அவன் சொன்னான்: "நீ அவிசுவாசி. உன்ட கையால சமைச்சத இனி நான் தின்ன மாட்டன்."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் ஊரில் ஒரு பெண்ணை அடித்தால்கூட ஊர் கூடி ராசியாக்கிவிடும். உன் சோறு வேண்டாம் என்றால் யார் வந்து ராசியாக்குவது? அவள் உரப்பையை எடுத்தாள்.

அதோடு என் பாடு திண்டாட்டம் ஆனது. மார்கழி மாதம் வேறு. விடியப்புறம் கோயில் ஒலிபெருக்கி ஒரு பக்கம் தொடங்கும், ஜெபக் கூட்டச் சபைக்காரர்களின் ஸ்பீக்கர் பெட்டி மறுபக்கம் தொடங்கும், இரண்டுக்கும் நடுவில் என் வீட்டில் தங்கச்சி மணி ஆட்டுவாள். வெள்ளிக்கிழமை மீன் இல்லை. மீன்காரன் வீட்டில் மீன் இல்லை! முழுகாமல் மேசைப் பக்கம் போகக் கூடாது. பக்கத்து வீட்டுப் பெண்கள் பொட்டு வைத்த யேசுவைப் பார்க்க வந்து, பார்த்துவிட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "உங்களுக்குக் குடுத்து வச்சிருக்கு. கும்பிடாமலே எல்லாரும் தேடி வந்திருக்காங்க."

பகலெல்லாம் இப்படி அதிகாரமாகத் திரிவாள். பின்னேரம் படியில் உட்கார்ந்து பாதையைப் பார்ப்பாள். என் பாதையை அல்ல, அவன் வருகிற பாதையை. நான் பார்ப்பது தெரிந்தால் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி நடிப்பாள்.

பொறுக்க முடியாமல் நான் போனேன். மச்சான் குசினியில் நின்றபடி பேக்கரிப் பாணைப் பிய்த்து வெறும் சீனி தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அறையலாம் போலவும் வந்தது.

"உனக்கென்ன விசரா? கட்டின பெண்டாட்டியப் போய் அவிசுவாசி கிவிசுவாசி எண்டு சொல்லுவியா?"

அவன் பாணைக் கீழே வைத்தான். "அத்தான், அவளில எனக்குக் கோவம் இல்ல. நான் மட்டும் பரலோகத்துக்குப் போய், அவள் நரகத்துக்குப் போனா நான் அங்க இருந்து என்னத்தச் செய்ய? அவளக் காப்பாத்தத்தான் இவ்வளவும்."

கண் கலங்கிவிட்டது அவனுக்கு. வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் சொன்னேன். அவளும் அழுதாள். "நான் இந்தச் சாமிகள விட்டுட்டா, அந்த மனுசன் தோணியில போகக்குள்ள ஆரண்ணே பாக்கிறது? அவர்ட யேசு புதுசு, கடல் பழக்கமோ என்னமோ?"

அவளைக் காப்பாற்ற அவன், அவனைக் காப்பாற்ற அவள். இரண்டு பேரும் காப்பாற்றிக்கொண்டே பிரிந்து கிடந்தார்கள். இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போனால் பிரிவே பழகிவிடும், பிறகு யார் நினைத்தாலும் சேர்க்க ஏலாது என்று எனக்குப் பயம் பிடித்தது.

இதற்கிடையில் சண்டை கரைக்கு வந்தது. நாங்கள் கரைவலைக்காரர். தோணி வலையைக் கடலில் வளைத்து இறக்கிவிட்டு வரும். வலையின் இரண்டு கயிறும் கரைக்கு வரும், வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று ஒரே நேரத்தில், ஒரே அளவில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணிக்கொள்ளும், மீன் மறுபக்கத்தால் சிரித்துக்கொண்டு போய்விடும். முன்பு நான் கயிற்றைச் சுற்றி இழுக்கிற விஞ்ச் பூட்டிய ட்ரக்டர் ஓட்டினேன். அரசாங்கம் அதைத் தடை செய்ததோடு நானும் தெற்குக் கயிற்றில் ஒரு ஆளாகிவிட்டேன். கையால் இழுப்பதென்றால் அம்பா வேண்டும். ஒருவன் பாட்டை எடுத்துக் கொடுப்பான், மற்றவர்கள் பதில் சொல்லி அந்தச் சொல்லில் இழுப்பார்கள். எங்கள் வலையில் அம்பா எடுத்துக் கொடுக்கிறவன் மச்சான்தான். அவன் குரல் எழும்பினால் கயிறு தானாக வருகிற மாதிரி இருக்கும்.

ஆனால் அம்பா அம்மனைக் கூப்பிட்டுத்தான் தொடங்கும். விசுவாசி எப்படிப் பாடுவது? அவன் வாயை மூடிக்கொண்டான். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி கோயில் கமிட்டியிலும் பெரிய ஆள். அவருக்கு மூக்குக்கு மேலே கோபம்.

"அம்மன்ட பேரச் சொல்லாத வாய் என்ட கயித்துக்கு வேணாம்!"

"நான் பாடுறன் சம்மாட்டி. என்ட கர்த்தரத்தான் பாடுவன்."

"என்ட வலையிலயா?"

கரையே இரண்டாகியது. வலைக்காரரில் ஐந்தாறு பேர் ஏற்கெனவே சபைக்குப் போகிறவர்கள். அவர்கள் மச்சான் பக்கம். மற்றவர்கள் அம்மன் பக்கம். நான் எந்தப் பக்கமும் இல்லாததால் இரண்டு பக்கமும் என்னைத் திட்டியது. கடைசியில், மீன் நிற்கிற நேரத்தில் வலையை நிறுத்த மனம் வராமல், சம்மாட்டி ஒரு தீர்ப்புச் சொன்னார். சபைக்காரர் வடக்குக் கயிறு, ஆள் கணக்குச் சரியாகத் தோணிக்காரரும் அவர்களோடு நிற்கட்டும். மற்றவர்கள் தெற்குக் கயிறு. அவரவர் கயிற்றில் அவரவர் பாட்டு.

அடேயப்பா! இத்தனை வருஷம் வலை வைத்திருந்த மனுஷன் சொல்லுகிற தீர்ப்பா அது? ஆனால் அந்த நேரம் எங்கள் எல்லாருக்கும் அது பெரிய நியாயமாகப் பட்டது. தலையை ஆட்டிக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்தோம்.

வடக்கே "அல்லேலூயா" தொடங்கியது. கைதட்டிப் பாடுகிற பாட்டு, ஓட்டமான பாட்டு. தெற்கே சம்மாட்டி தானே அம்பா எடுத்துக் கொடுத்தார். அவருக்கு இளைப்பு, அதனால் ஒவ்வொரு சொல்லும் மூச்சு வாங்கி மூச்சு வாங்கித்தான் வந்தது. அவர்கள் மூன்று இழுப்பு இழுக்க நாங்கள் ஒன்று இழுத்தோம். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஆட்களுக்கு ரோஷம் வந்து, அம்மன் பேரை உரத்துக் கத்தினார்கள். அவர்கள் இன்னும் உரத்துக் கத்தினார்கள். கத்தினார்களே தவிர யாரும் வலையைப் பார்க்கவில்லை. மீன் லொறிக்காரர், சிலாபத்துச் சிங்கள ஆள், தலையில் கை வைத்துக்கொண்டு "மொகத மே, மொகத மே" என்று மணலில் அங்குமிங்கும் ஓடினார். என்ன இது என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல எங்களில் ஒருவனுக்கும் மூச்சு இல்லை.

வலை வாய் கோணி வடக்கே போய்விட்டது. தெற்குப் பக்கம் தண்ணீர் வெள்ளியாய்த் துள்ளியது. சூடை மீன், கூட்டம் கூட்டமாய், வெளியே.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கச்சி கரைக்கு வந்தாள். கருவாட்டுக்கு மீன் பொறுக்கப் பெண்கள் வருவது வழக்கம். கூடையை இடுப்பில் வைத்தபடி மணல் மேட்டில் ஏறினவள், ஓடுகிற மீனைப் பார்த்தாள், பொத்தான் இல்லாத சட்டையோடு கயிற்றில் தொங்கும் புருஷனைப் பார்த்தாள். கூடையைக் கீழே போட்டாள். இரண்டு கயிற்றுக்கும் நடுவில் வந்து நின்றாள். பெண்கள் கயிற்றைத் தொடக் கூடாது என்பது எங்கள் கரை வழக்கம். அவள் தொடவில்லை. வாயைத்தான் திறந்தாள்.

"மூண்டு கிழமையாச்சே, ஒருக்காவாவது வந்தீங்களா?"

அவள் பாட வரவில்லை, ஏசத்தான் வந்தாள். ஆனால் அவளுடைய ஏச்சுக்கு எப்போதும் ஒரு தாளம் உண்டு, சின்ன வயதிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டவன், எனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் நின்ற ஒருவன் பகிடிக்குக் குரல் கொடுத்தான்: "ஏலேலோ!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தபடி இழுத்தார்கள். கயிறு வந்தது.

"பாணும் சீனியும் திண்டு பல்லுக் கெட்டுப் போச்சா?"

"ஏலேலோ!" இந்த முறை வடக்கிலிருந்தும் வந்தது. அதில் சாமி யாரும் இல்லையே, சொல்லுவதில் என்ன பாவம்? சம்மாட்டி வாயைத் திறந்தார், இதற்கு எதிராகக் கோயில் சட்டம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை போல, அவரும் சேர்ந்து இழுத்தார்.

"சறத்தக் கழுவினீங்களா? சட்டைக்குப் பொத்தான் எங்க?"

"ஏலேலோ!"

"கூரையில ஓட்ட இருக்கே, கோழியும் செத்துப் போச்சே!"

"ஏலேலோ!"

மச்சானுக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று. கயிற்றை விட்டுவிட்டு ஓடவும் ஏலாது. ஓடினால் வலை போகும். தன் மானம் போவதற்குத் தானே இழுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றான். வலை மெல்ல மெல்ல நேரானது. இரண்டு கயிறும் ஒன்றை ஒன்று பார்த்து நடந்து வந்தன. நாங்கள் பக்கத்தில் வந்துவிட்டோம். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. அதுவரை ஊருக்குக் கேட்க ஏசினவள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"என்ட கையால சோறு திண்டா உங்கட சொர்க்கம் ஓடிப் போயிடுமா?"

ஒருத்தரும் குரல் கொடுக்கவில்லை. கயிறு கையில் அசையாமல் நின்றது. அலை மட்டும் வந்து வந்து போனது.

"ஏலேலோ" என்றான் மச்சான். தனிக் குரல். அம்பா எடுத்துக் கொடுக்கிற அவனுடைய பழைய குரல். நாங்கள் இழுத்தோம். வலையின் மடி கரைக்கு ஏறியது. பாதி மீன் போயிருந்தது, பாதி இருந்தது. லொறிக்காரர் தான் கும்பிடுகிற யாருக்கோ கும்பிடு போட்டார்.

அன்று பின்னேரம் மச்சான் இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் என் வாசலுக்கு வந்தான். முழுகி, தலை சீவி, ஊசி நூல் தெரியாத கையால் தானே தைத்த பொத்தான்களோடு. உள்ளே வரவில்லை. சுவரில் இருப்பவர்களைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தபடி பேசினான்.

"நான் சபைய விட மாட்டன்."

"ஆரு விடச் சொன்னது?" என்றாள் அவள்.

"விறாந்தையில படம் வேணாம். குசினிப் பக்கத்து அறையில வச்சிக்கொள்."

"சரி."

"யேசுவுக்குப் பொட்டு வைக்காத."

"வெறும் நெத்தியோட எப்பிடி, பாவமா இருக்குமே?"

"வைக்காத எண்டன்."

"சரி சரி. வெள்ளிக்கிழமை மட்டும்."

அவன் வாயைத் திறந்தான். மறுபடி தொடங்கிவிடும் போல இருந்தது. இவ்வளவு தூரம் வந்து ஒரு பொட்டில் வழுக்கி விழப் போகிறார்களே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. "எனக்கெண்டா ஒண்டும் விளங்கல்ல. அந்தச் சுவரில என்ன தொங்குது? கண்ணாடியும் கடதாசியும். இதுக்கா இந்தக் கூத்து?"

"அத்தான், அப்பிடிக் கதைக்காதீங்க!"

"அண்ணே, வாயக் கழுவுங்க!"

ஒரே மூச்சில் வந்தது. மச்சான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "இப்பிடியே இருந்தா அத்தான் நரகத்துக்குத்தான் போவார்."

"ஓம், நானும் எவ்வளவு நாளாச் சொல்றன், கேக்க மாட்டார்" என்றாள் தங்கச்சி.

மூன்று கிழமைக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். சுவரிலிருந்து படங்களைக் கழற்றி உரப்பையில் அடுக்கிக் கொடுத்தேன். யேசுவைச் சேலைத் துண்டில் சுற்றி அடியில் வைத்தேன். பிள்ளையார் எதற்குள்ளும் அடங்கவில்லை. கடைசியாக மேலே, முன்பக்கமாகச் செருகினேன்.

அந்தப் பையைத் தொட மாட்டேன் என்று மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அதனால் தங்கச்சி மோட்டார் சைக்கிளில் ஏறி, பையை மடியில் வைத்து, அவன் முதுகோடு அணைத்துப் பிடித்தாள். அவன் நெளிந்தான். உரப்பையைக் கிழித்துக்கொண்டு பித்தளை மூலை வெளியே வந்திருந்தது.

"என்ன இது, முதுகில குத்துது?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"உங்கட ஆள்தான்" என்றாள்.

மச்சான் கழுத்தைத் திருப்பிப் பித்தளையைப் பார்த்தான். அந்த மூலையை அடித்தவன் அவன். பிறகு ஒரு அங்குலம்கூட முன்னால் நகராமல், "சரி, விழுந்திராம இறுக்கிப் பிடி" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினான்.